நாற்பத்தொன்றாவது சங்கிலி

மாடிப்படியில் யார் ஓடி வந்தாலும் தராசுக்குப் பிடிக்காது. இரண்டாவது மாடியில் இருந்த அவளுடைய வேதியியல் கூடம் முழுக்கக் கண்ணாடிக் குடுவைகளும் அமில பாட்டில்களும்தான். "இங்கே ஓடாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியதே அவள்தான். அன்று காலை ஒன்பதேகாலுக்கு அந்தத் தாளையே தோளால் இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தவள் அவளுடைய நாத்தனார்.

"செத்துப்போச்சு அண்ணி! எல்லாம் செத்துப்போச்சு!"

இப்படி ஒரு சேதியை இவ்வளவு சந்தோஷமாகக் கத்துகிற இடம் உலகத்தில் அதிகம் இருக்காது. தராசு கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் திட்ட மறந்துபோனாள்.

"எது? அடங்காப்பிடாரியா?"

"அதேதான்! மருந்துக்குக்கூட ஒண்ணு மிச்சமில்ல!"

அடங்காப்பிடாரி என்பது ஒரு பாக்டீரியா. எதிர்த்தெருவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவரின் கால் புண்ணிலிருந்து எடுத்து அனுப்பியது. கையிருப்பில் இருந்த பதினோரு மருந்துகளையும் ஒன்று மாற்றி ஒன்று கொடுத்துப் பார்த்தார்கள்; எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அந்த மனிதரின் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. கீழ்த்தளத்தில் கிருமிக் கூடம் நடத்திய நாத்தனார் அதைத் தட்டில் வளர்த்து, கோபத்தில் அந்தப் பெயரை வைத்தாள்.

கிருமித் தட்டைக் கீழ்த்தளத்தை விட்டு வெளியே கொண்டுவரக் கூடாது. அதனால் நாத்தனார் செல்போனில் படம் எடுத்து வந்திருந்தாள். தட்டில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். கிருமி வளர்ந்த குழி கழுநீர் மாதிரி கலங்கித் தெரியும். செத்த குழி தெளிந்திருக்கும். படத்தில் அந்த வரிசை முழுக்கத் தண்ணீராகத் தெளிந்திருந்தது.

"இது ஏற்கெனவே பாத்ததுதானே. இருபத்தெட்டாவது சங்கிலியும் கொன்னுச்சு, முப்பத்தாறாவதும் கொன்னுச்சு. ரத்தம் என்னாச்சு? அதைச் சொல்லு" என்றாள் தராசு.

நாத்தனார் அடுத்த படத்தைத் தள்ளினாள். ஒரு சின்னக் குழாய். அடியில் ஒரு துளி செக்கச்செவேல்; மேலே தெளிந்த நீர். சிவப்பணு ஒன்றுகூட உடையவில்லை என்று அர்த்தம். உடைந்திருந்தால் குழாய் முழுக்கச் சிவந்துபோயிருக்கும்.

தராசு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

மூன்று வருஷமாக அவள் செய்துகொண்டிருந்தது இதைத்தான். இயற்கையில் இல்லாத சின்னச் சங்கிலிகளைக் கோத்துப் பார்ப்பது. ஒவ்வொரு சங்கிலியிலும் பன்னிரண்டு மணிகள். ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். சங்கிலி தானாகவே ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொண்டு, கிருமியின் மேல்தோலில் ஒட்டி, அதைப் பொத்தலாக்கிவிடும். மருந்தை ஏமாற்றக் கற்றுக்கொண்ட கிருமிக்குக்கூடத் தோலில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வதென்று தெரியாது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான். கிருமியைப் பொத்தலாக்கிய சங்கிலிகள் நம்முடைய ரத்த அணுக்களையும் சேர்த்துப் பொத்தலாக்கின. ரத்தத்தை விட்டுவைத்த சங்கிலிகள் கிருமியையும் விட்டுவைத்தன. இப்படி நாற்பது சங்கிலிகள் வந்த வழியே போயின. நாற்பத்தொன்று மட்டும் கொல்ல வேண்டியதைக் கொன்று, விட வேண்டியதை விட்டிருந்தது.

ஆய்வுக்கூடத் தலைவர் வந்து படத்தைப் பார்த்தார். சந்தோஷம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பது அவர் வழக்கம். கோபம் வந்தாலும் அதேதான். துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு வருது. எலிகளுக்குக் கொடுத்துப் பாக்கறதுக்கு நாலு ஆய்வுக்கூடத்துலேருந்து ஒரே ஒரு மருந்தைத்தான் எடுப்பாங்க. எடுக்கலேன்னா நம்ம சங்கிலி வேலையை மூடிடுவாங்க, மேலிடத்துல ஏற்கெனவே சொல்லியாச்சு. ஒரு தடவை வந்தா அதிர்ஷ்டம். இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க, அப்பத்தான் அது மருந்து."

"அதுக்கென்ன, காட்டிடலாம்" என்றாள் தராசு.

அவள் சொன்னால் சொன்னதுதான். தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கூடத்தில் இருந்தவர்கள் வைத்தது. அவள் மேசையில் இருந்த தராசு ஒரு பெருமூச்சுக்கே எண்ணை மாற்றிவிடும். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு நிறுப்பாள், நாலாவது தசமம் வரைக்கும் எழுதுவாள். பதினேழு வருஷத்தில் அவள் கையால் ஒரு தப்பு நடந்ததாக யாரும் சொன்னதில்லை. சொல்லுகிற தைரியமும் யாருக்கும் இல்லை. அடுத்தவர் தப்புச் செய்தாலோ, குடுவைகள் அதிர்கிற மாதிரி ஒரு கச்சேரி வைப்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். பாலைப் பொங்கவிட்டது, சாவியைத் தொலைத்தது எல்லாம் எப்போதும் மற்றவர்கள். அவளுடைய பச்சைக் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்ததற்காக, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் மூன்று வருஷமாக மழைக்கு மழை திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். விட்டதாக அவருக்கு ஞாபகமே இல்லை. "தப்பு என்மேலதான்" என்ற வார்த்தை கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

இந்தக் கல்யாணத்துக்கு வழி செய்ததே நாத்தனார்தான். தன்னோடு வேலை பார்த்த பெண்ணை அண்ணனுக்குச் சொன்னது அவள். வாழ்க்கையில் தான் செய்த ஒரே பெரிய தப்பு அதுதான் என்று அவ்வப்போது அலுத்துக்கொள்வாள், அண்ணியின் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு.

சங்கிலியைத் தராசு இரண்டாவது முறை செய்தாள். அடங்காப்பிடாரி செத்தது. ரத்தம் இருந்த குழாய் முழுக்கச் சிவந்தது.

"உன் ரத்தம் பழசா இருக்கும்" என்றாள் நாத்தனாரிடம்.

"நேத்துக் காலையில எடுத்தது அண்ணி. என்கிட்டேருந்தே எடுத்தது."

மூன்றாவது முறை செய்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலையும் இரண்டு தடவை படித்து, ஒவ்வொரு அளவையும் மூன்று தடவை நிறுத்துச் செய்தாள். மறுபடியும் குழாய் சிவந்தது. சங்கிலியின் எடையைப் பார்க்கிற பெரிய இயந்திரத்தில் முதல் தடவை செய்ததையும் மூன்றாவது தடவை செய்ததையும் போட்டுப் பார்த்தாள். எடையில் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. எடை ஒன்று, மணிகள் பன்னிரண்டு, வரிசை அதே வரிசை. ஒன்று சமர்த்தாக இருக்கிறது, மற்ற இரண்டும் ரத்தத்தைக் குடிக்கின்றன. கூடத்தில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. முதல் நாள் கீழ்த்தளத்தில்தான் ஏதோ குளறுபடி என்றார்கள் சிலர். தராசுவைக் கண்டதும் பேச்சு நின்றது.

குழு வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. எதிர் வீட்டில் குடியிருந்த நாத்தனார் வழக்கம்போல் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். தட்டைக் கழுவிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. முதல் தடவை செய்யும்போது ஏதாவது கை மாறி..."

"என் கையா?"

"இல்ல, ஒரு பேச்சுக்கு..."

"என் கையில தப்பே வராது. வேணும்னா உன் கிருமிகிட்டக் கேளு."

நாத்தனார் உதவிக்கு அண்ணனைப் பார்த்தாள். அவர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுபோல் சுவரைப் பார்த்தார். பதினைந்து வருஷக் குடித்தனத்தில் கற்ற வித்தை அது.

திங்கட்கிழமை மத்தியானம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தராசுக்குப் பசியில்லை. நோட்டைப் பிரித்து மூன்று தடவை செய்ததன் படங்களையும் மேசைமேல் பரப்பினாள். சங்கிலியைச் சுத்தம் செய்ய ஓர் இரும்புக் குழல் வழியாக அனுப்புவார்கள். ஒரு முனையில் ஊற்றினால் அழுக்கு தனியாக, சங்கிலி தனியாக, அதது தன் நேரத்தில் மறுமுனையில் வந்து விழும். முதல் சங்கிலி பதினோராவது நிமிஷம் வந்திருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் பதினான்காவது நிமிஷம்.

இது அவளுக்கு முன்பே தெரியும். இடையில் பழைய குழலைக் கழற்றிப் புதுக் குழல் மாட்டியிருந்தார்கள். புதுசு கொஞ்சம் நிதானமாகத்தான் விடும் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள்.

'நினைத்து' என்ற இடத்தில் அவளுக்குச் சுருக்கென்றது. நினைத்தாளே தவிர, பார்க்கவில்லை.

முதல் சங்கிலியில் இன்னும் நகக்கண் அளவு பொடி மிச்சம் இருந்தது. எழுந்து அதைக் கரைத்தாள். அதே புதுக் குழலில் விட்டாள். கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு நிமிஷம், ஒன்பது, பத்து. பதினோராவது நிமிஷம் திரையில் ஒரு கோடு விறுவிறுவென்று மலை மாதிரி ஏறி இறங்கியது.

குழல்மேல் குற்றமில்லை. முதல் சங்கிலி வேறு சங்கிலி.

எடை ஒன்றாக இருந்து ஆள் மட்டும் வேறாக இருப்பது எப்படி? கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. இடது செருப்பும் வலது செருப்பும் ஒரே எடைதான். மாற்றிப் போட்டால் காலுக்குத்தான் தெரியும், தராசுக்குத் தெரியாது.

அமினோ அமிலங்களுக்கும் இடம் வலம் உண்டு. உயிருள்ள உடம்புகள் புரதம் கட்டுவது இடது வகையை வைத்துத்தான். வலது வகை, கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி, அச்சு அசலாக இருக்கும். திரும்பிய பக்கம் மட்டும் மாறியிருக்கும். அந்தக் கூடத்தில் அப்படி ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது: லைசின் என்ற மணியின் வலது வகை, வலது லைசின். அதை வாங்க வைத்தவள் நாத்தனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில், "ஒரு மணியை மட்டும் திருப்பிப் போட்டுப் பாத்தா என்ன அண்ணி?" என்று கேட்டாள். "கிருமி வளக்கறவங்க கிருமியை வளருங்க. கோக்கறது என் வேலை" என்று எல்லோர் முன்னாலும் தராசு அவள் மூக்கை உடைத்தாள். சண்டை வேண்டாமென்று தலைவர் ஒரு பாட்டில் வாங்கினார். தராசு அதை ஃபிரிட்ஜின் அடித்தட்டில் தள்ளினாள். ஒருநாள்கூடத் திறக்கவில்லை.

ஃபிரிட்ஜைத் திறந்து குனிந்தாள். பாட்டில் அங்கேதான் இருந்தது. மேல்தட்டில் இருக்கும் இடது லைசினுக்கும் அதற்கும் ஒரே கம்பெனி, ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி. வந்த அன்றே மூடியோடு நிறுத்து, லேபிளின் ஓரத்தில் அவளே எழுதி வைத்திருந்தாள்: 62.4080.

பாட்டிலைத் தன் தராசின்மேல் வைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். எண்கள் ஓடி நின்றன: 61.2366.

கழித்துப் பார்த்தாள். குறைந்திருந்தது 1.1714 கிராம். நோட்டில் முதல் சங்கிலிக்கு அவள் கைப்பட எழுதியிருந்த லைசினின் அளவு 1.1713. கடைசி இலக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் கூட.

தப்பான பொருளை இதைவிடச் சரியாக யாராலும் நிறுக்க முடியாது.

எப்படி எடுத்தோம் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. அடித்தட்டுக்குக் குனிந்த ஞாபகமே இல்லை. அதற்கு முந்தின நாள் ஃபிரிட்ஜில் பனி கட்டிப்போய், யாரோ எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து அடுக்கியிருந்தார்கள். அடுக்கினவர்கள் மாற்றி வைத்திருக்கலாம். "யார் அடுக்கினது?" என்று கேட்க வாய் தானாகத் திறந்தது. அப்புறம் மூடிக்கொண்டது. அடுக்கினவர் யாராக இருந்தால் என்ன, லேபிள் அவள் கண்ணுக்கு நேராகத்தானே இருந்திருக்கும்? கை பழகிய இடத்துக்குப் போயிருக்கிறது. கண் கூடப் போகவில்லை.

வெட்கம் வர வேண்டிய நேரம் அது. வந்தது என்னவோ சிரிப்பு. வலது லைசின்! சங்கிலி பாதி முறுக்கிக்கொண்டு பாதி தளர்ந்து கிடக்கிறது. ரத்த அணுவைத் துளைக்க விறைப்பான முறுக்கு வேண்டும். அது இதனிடம் இல்லை. கிருமியின் தோலோ மின் ஈர்ப்பால் இதைத் தானாகவே இழுத்து ஒட்டிக்கொள்கிறது. தளர்ந்த முறுக்கே அதற்குப் போதும். எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். வேறு யாரிடம் சொன்னாலும் பாதி சந்தோஷம்தான்.

தராசு ஓடினாள். "இங்கே ஓடாதீர்கள்" என்ற தாளைத் தாண்டி, குதிகால் பிடரியில் பட, இரண்டு மாடிப் படிகளையும் ஓடி இறங்கினாள்.

கிருமிக் கூடத்துக்குள் அங்கி மாட்டாமல் நுழையக் கூடாது. நடைபாதையை ஒட்டிய சுவரில் பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் நாத்தனார், காற்று இரைகிற பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். தராசு கண்ணாடியைத் தட்டினாள்.

"தப்பு என்மேலதான்!"

நாத்தனார் தலையை ஆட்டினாள்: கேட்கவில்லை.

"தப்பு என்மேல! நான்தான் பாட்டிலை மாத்தி எடுத்துட்டேன்!"

நாத்தனார் கையை எடுக்க முடியாமல் தலையை மட்டும் சாய்த்துக் காதைக் காட்டினாள். தராசு இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு, பதினைந்து வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துக் கத்தினாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்! நாந்தான்! உன் லைசின்! நீ சொன்ன வலது லைசின்!"

நடைபாதையில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. டீ கோப்பையோடு வந்த தலைவர் அப்படியே நின்றார். லாட்டரி விழுந்தவள்கூட இப்படிக் கத்தமாட்டாள். உள்ளே நாத்தனாரின் முகம் முதலில் விரிந்தது. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள்போல் சட்டென்று வெளிறிப்போனது. தலையைக் குனிந்து வேலையைத் தொடர்ந்தாள்.

வழக்கமாக இருந்தால் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பத்து வருஷம் குத்திக்காட்டியிருப்பாள். அன்று மட்டுமில்லை, அந்த வாரம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. பெருந்தன்மை போலிருக்கிறது என்று தராசு நினைத்து, மனசுக்குள் நெகிழ்ந்துபோனாள்.

செவ்வாய்க்கிழமை கோத்தாள். புதன்கிழமை சுத்தம் செய்தாள். பதினோராவது நிமிஷம் மலை ஏறி இறங்கியபோது கூடமே கைதட்டியது. வியாழக்கிழமை மத்தியானம் வெண்பஞ்சாக உலர்ந்திருந்த பொடியை நிறுத்து, லேபிளை உரக்கப் படித்து, கீழே அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஏழு பேர் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். தராசு நடுவில். பக்கத்தில் தலைவர், ஓயாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

நாத்தனார் தட்டை விளக்குக்கு நேரே பிடித்தாள். வரிசை முழுக்கத் தெளிவு. பிறகு ரத்தம் இருந்த குழாயைச் சுழற்றும் இயந்திரத்திலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினாள். அடியில் ஒரு துளிச் சிவப்பு, மேலே தெளிந்த நீர். அடுத்து இன்னொன்று, அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

தலைவர் கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்தார். "பரவாயில்ல, எங்க வீட்டுக்காரர் புதுசு போட்டுத் தருவாரு" என்றாள் தராசு, அழுதுகொண்டே.

பத்தரைக்குக் குழு வந்தது. மூன்று பேர், அவர்களில் மூத்தவள் ஓர் அம்மாள், எதையும் சுற்றி வளைத்துக் கேட்காதவள். தாள்களைப் பார்த்தாள், படங்களைப் பார்த்தாள். இரண்டாவது மூன்றாவது தடவைகளின் சிவந்த குழாய்களையும் பார்த்தாள். தராசு எதையும் ஒளிக்கவில்லை.

"லைசினை மட்டும் திருப்பிப் போடணும்னு தோணியிருக்கே, நல்ல யோசனை. யாரோடது?"

தலைவர் தராசுவைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

"என் யோசனை இல்லைங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னது இவங்க, என் நாத்தனார். வேண்டாம்னு சொன்னது நான். அப்புறம் லேபிளைப் படிக்காம எடுத்து, தெரியாம கோத்ததும் நான். எப்படி எடுத்தேன்னுதான் இன்னும் புரியல. அது அடித்தட்டுல இருக்கிற பாட்டில்."

"இல்ல அண்ணி" என்று ஒரு குரல் கீச்சென்று வந்தது. நாத்தனார் எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அன்னைக்கு மேல்தட்டுலதான் இருந்துச்சு. நீங்க முந்தின நாள் லீவு. ஆள் இல்லேன்னு மேலே வந்து ஃபிரிட்ஜைத் துடைச்சு அடுக்கினது நான்தான். ரெண்டையும் இடம் மாத்தி வெச்சுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ஞாபகம் வந்துச்சு. நீங்க டீ குடிக்கப் போன நேரத்துல ஓடி வந்து சரியா மாத்திட்டேன். அதுக்குள்ள எடுத்திருப்பீங்கன்னு தெரியாது. திங்கக்கிழமை நீங்க கண்ணாடிகிட்ட நின்னு கத்தினப்பத்தான் புரிஞ்சுது."

"ஏன் சொல்லல?" என்று கேட்டது தராசு இல்லை, தலைவர்.

"திட்டுவாங்களே" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் கச்சேரிக்குக் காத்திருந்தார்கள். தராசுக்கும் பழைய சூடு நெஞ்சுவரைக்கும் ஏறியது. இரண்டு சங்கிலிகள், மூன்று வாரம், தூக்கம் கெட்டது எத்தனை நாள்! ஆனால் அந்த ஒற்றை வார்த்தை அதற்குமேல் ஏறவிடவில்லை. திட்டுவாங்களே. ஒரு மருந்து கிட்டத்தட்டக் குப்பைக்குப் போயிருக்கும், அவள் வாய்க்குப் பயந்து.

"நீ இடம்தான் மாத்தி வெச்சே" என்றாள். "படிக்காம எடுத்தது யாரு?"

"நீங்க."

"அப்ப தப்பு யாரோடது?"

நாத்தனார் திருதிருவென்று விழித்தாள். "உங்களோடது அண்ணி."

"அதான். நடுவுல பங்குக்கு வராதே."

மூத்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "தப்பை இவ்வளவு சரியா நிறுத்து எழுதி வெச்சிருக்கிற இடத்தை நான் பாத்ததில்ல. நாற்பத்தொன்னை நாங்க எடுத்துக்கறோம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். எலிகள் இருக்கின்றன, அதற்கப்புறம் எத்தனையோ படிகள் இருக்கின்றன, எதிர்த்தெரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வருஷக்கணக்காகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கூடமே கத்தியது.

மத்தியானம் இரண்டு பேரும் ஃபிரிட்ஜுக்கு முன்னால் தனியாக நின்றார்கள். தராசு வலது லைசினை எடுத்து, லேபிளை உரக்கப் படித்து, மேல்தட்டில் வைத்தாள்.

"இனிமே ஏதாவது மாறிப்போனா வந்து சொல்லு."

"திட்டினா?"

"திட்டுவேன். திட்டினாலும் சொல்லு."

நாத்தனார் விரலால் ஃபிரிட்ஜ் கதவைத் தேய்த்தாள். "அப்ப இன்னொண்ணையும் சொல்லிடறேன் அண்ணி. உங்க பச்சைக் குடை. பஸ்ஸுல விட்டது அண்ணன் இல்ல. அன்னைக்குக் கேக்காம எடுத்துட்டுப் போனது நான்."

தராசு நிறுக்கும்போது நிற்கிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மூன்று வருஷத்து மழைகள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் பெய்து ஓய்ந்தன. பிறகு செல்போனை எடுத்துக் கணவரின் கடைக்குப் போன் போட்டாள்.

"நான்தான். அந்தக் குடை விஷயம்... நீங்க இல்லையாம். உங்களை அநியாயமாத் திட்டிட்டேங்க. தப்பு என்மேலதான்."

அந்தப் பக்கம் மிகவும் மரியாதையான ஒரு குரல் கேட்டது.

"ஹலோ, யார் பேசறீங்க?"